விடுபடும் கருவிப்பாதை: வீ-வடிவச் செதுக்கலிற் குறைகாணும் முறை பற்றிய ஒரு நோக்கு

மரப்பலகையில் எழுத்துக்களைச் செதுக்கிப் பெயர்ப்பலகை ஆக்குந் தொழில் பல இடங்களிற் கணனியாற் கட்டுப்படுத்தப்படும் இயந்திரங்களின் வசமாகிவிட்டது. இவ்வியந்திரங்களைத் தொழிற்கூடங்கள் சீ.என்.சி. ரவுட்டர் என வழங்குகின்றன. இவற்றைக் கையாள்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. எழுத்துக்களைத் திரையில் ஒழுங்காக வரைந்து, வெட்டுக்கருவியையுந் தெரிவு செய்து, அதன் பாதையைக் கணிக்குமாறு மென்பொருளைப் பணித்த பின்னர், கிடைக்கும் பாதையிற் சில பகுதிகள் இல்லாதிருக்கும். ஓரெழுத்தின் கால் காணப்படாது, ஒரு சுழி முற்றாக அடைபட்டிருக்கும், புள்ளியொன்று மறைந்திருக்கும். சிலவேளை திரையில் யாவும் நிறைவாகத் தோன்றிப் பலகையில் மாத்திரங் குறை வெளிப்படும்.

தமிழ்ப் பெயர்ப்பலகையைப் பொறுத்தவரை இக்குறை அழகு பற்றியது மட்டுமன்று. 'கல்வி' என்னுஞ் சொல்லிற் புள்ளியொன்று விடுபடுமாயின் எஞ்சுஞ் சொல் எந்தப் பாடசாலையின் வாயிலிலும் வைக்கத் தகாதது. புள்ளியும் சுழியும் பொருளை நிருணயிக்கும் எழுத்து முறையில், விடுபடல் என்பது பிழையான வாசகமாகும். அதனோடு, நல்ல மரப்பலகையொன்று பாழாகும்போது அந்த நட்டத்தை மென்பொருளை ஆக்கியோர் ஏற்பதில்லை; தொழிலைச் செய்தவரே ஏற்க நேரிடுகின்றது.

இத்தகைய வேளைகளிற் பலரும் செய்வது, அமைப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்ப்பதேயாகும். ஒருவேளை குறை நீங்கினும், அது ஏன் நேர்ந்தது என்பது தெரியாமலே போகின்றது. அடுத்த பலகையில் அது மீண்டுந் தலைகாட்டும். எனவே, 'விடுபடல் எதனால் நேர்ந்தது?' என வினாவுமுன், 'அது எந்தக் கட்டத்தில் முதன்முதலாகத் தோன்றியது?' என வினாவுதலே முறையாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து. வரைபு, கணிப்பு, முன்தோற்றம், கட்டளைக்கோப்பு, பலகை என்னும் ஐந்து கட்டங்களை ஒவ்வோரெழுத்துங் கடந்து செல்கின்றது. இவற்றுள் எதனில் எழுத்து முதன்முறையாகக் குறைவுபட்டதோ அதற்குப் பிந்திய கட்டங்களிற் பரிகாரந் தேடுதல் பயன்தராது.

1. அகலம் ஆழமாதல்

வீ-வடிவ வெட்டினால் எழுத்துப் பொறிக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. ரோமாபுரியில் கி.பி. 113 இல் நிறுவப்பட்ட திராஜன் தூணின் அடிப்பீடத்திலுள்ள கல்வெட்டு இம்முறைக்குப் பெயர்பெற்ற உதாரணமாகும். அவ்வெழுத்துக்கள் முதலில் தட்டைத் தூரிகையால் எழுதப்பட்டு, அதன் பின்னரே உளியால் வெட்டப்பட்டன என எட்வேர்ட் கற்றிச் 1968 இல் வெளியிட்ட நூலில் நிறுவ முயன்றார். எழுதுதலும் வெட்டுதலும் வெவ்வேறு கட்டங்கள் என்பது இதனாற் புலனாகும். உளி பிடித்த கை, கோடு அகலும் இடத்தில் ஆழமாகவும், ஒடுங்கும் இடத்தில் மேலோட்டமாகவும் வெட்டிற்று. இயந்திரஞ் செய்வதும் இதுவே. ஆயின், கை பழக்கத்தால் அறிந்ததை இயந்திரம் கேத்திரகணிதத்தால் அறியவேண்டியுள்ளது.

'வீ-பிட்' எனப்படும் வெட்டுக்கருவியின் முனை ஒரு கூம்பாகும். கூம்பு பலகையினுள் எவ்வளவு ஆழமாக இறங்குகின்றதோ அவ்வளவிற்கு மேற்பரப்பில் அது உண்டாக்கும் வெட்டு அகலமாகும். எனவே எழுத்துக்கோட்டின் அகலந் தெரிந்தால், அவ்வகலத்தின் அரைவாசியை முனைக்கோணத்தின் அரைவாசியினது தான்சனால் வகுத்து வேண்டிய ஆழத்தைப் பெறலாம். 12 மி.மீ. அகலமுள்ள கோடொன்றுக்கு 90 பாகைக் கருவி 6 மி.மீ. ஆழம் இறங்கவேண்டும், 60 பாகைக் கருவி ஏறத்தாழ 10.4 மி.மீ. இறங்கவேண்டும், 120 பாகைக் கருவிக்கு ஏறத்தாழ 3.5 மி.மீ. போதுமானது. ஆழத்தை நாம் தருவதில்லை. எழுத்தின் அகலமே ஆழத்தைத் தருகின்றது. வீ-வடிவச் செதுக்கலின் பெரும்பாலான சிக்கல்கள் இவ்வொரு விதியிலிருந்தே கிளைக்கின்றன.

கருவி எவ்வழியாகச் செல்லவேண்டும் என்பது அடுத்த வினா. இதற்கு விடை தருவது நடுவச்சு என்னும் எண்ணக்கருவாகும். உருவங்களை விவரிக்கும் வழியாக இதனை ஹரி புளும் 1967 இல் முன்வைத்தார். அவர் காட்டிய உவமை எளிது. எழுத்தின் உட்பரப்பைக் காய்ந்த புற்றரையாகக் கொள்வோம். அதன் எல்லை முழுவதிலும் ஒரே வேளையில் தீ மூட்டினால், தீ எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் உள்நோக்கிப் பரவும். எதிரெதிரே வரும் தீக்கள் சந்தித்து அணையும் இடங்களை இணைத்தால் நடுவச்சுக் கிடைக்கும். கூம்பின் முனை இவ்வச்சின் வழியே செல்லும். தீ அவ்விடத்தை அடைய எடுத்த தூரம் எவ்வளவோ, அதற்கேற்ப முனை ஆழமாக இறங்கும். எழுத்தின் மூலைகளை நோக்கி இவ்வச்சு கிளைத்துச் செல்லும். கருவியும் அக்கிளை வழியே படிப்படியாக மேலெழுந்து மூலையிற் பலகைப் பரப்பை வந்தடையும். உருளைக் கருவியால் வெட்டமுடியாத கூர்மூலைகளை வீ-வடிவச் செதுக்கல் தருவது இதனாலேயே.

இத்தீயின் உவமையை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வருங் குறைகளுட் பலவற்றை நூலின் துணையின்றியே ஊகித்துக்கொள்ளலாம்.

2. வரைபிலே தோன்றுங் குறைகள்

முழு எழுத்தோ எழுத்தின் ஓருறுப்போ அடியோடு இல்லாதிருப்பின், முதலில் நோக்கத்தக்கது வரைபாகும். இங்கு நான்கு காரணங்கள் முதன்மை பெறுகின்றன.

முதலாவது, மூடப்படாத எல்லைக்கோடு. எல்லை மூடியிருந்தாலன்றி உள் எது, புறம் எது என மென்பொருளால் துணிய முடியாது. கண்ணுக்குப் புலப்படாத 0.1 மி.மீ. இடைவெளியும் எல்லையைத் திறந்ததாக்கிவிடும். அத்தகைய உருவத்தை மென்பொருள் பெரும்பாலும் வாளா விட்டுவிடும். ஒளிப்படத்தை எல்லைக்கோடாக மாற்றிப் பெற்ற வரைபுகளிலும், வேறொரு மென்பொருளிலிருந்து கொண்டுவரப்பட்ட வரைபுகளிலும் இது மிகுதி. திறந்த கோடுகளை மட்டுந் தெரிவு செய்து காட்டும் வசதி இருப்பின் அதனை முதலிற் பயன்படுத்தல் வேண்டும். பின்னர் முனைகளை இணைத்து மூடவேண்டும்.

இரண்டாவது, ஒன்றன்மேலொன்றாக அமைந்த இரட்டைக் கோடு. எல்லையை ஒருமுறை கடந்தால் உள்ளே, மறுமுறை கடந்தாற் புறத்தே எனக் கொள்ளும் விதியைப் பல மென்பொருட்கள் கையாளுகின்றன. தவறுதலாக ஒரே எழுத்து இருமுறை பிரதி செய்யப்பட்டு அதேயிடத்திற் கிடந்தால், எழுத்தின் உட்பகுதியை அடையும்போது எல்லை இருமுறை கடக்கப்பட்டுவிடும். எனவே அது புறமெனக் கொள்ளப்படும். திரையில் ஓரெழுத்தே தெரியும், பாதையோ கிடையாது. எழுத்தைத் தெரிவு செய்து சற்றே நகர்த்திப் பார்த்தால் அடியிலுள்ள மற்றையது வெளிப்படும்.

மூன்றாவது, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் உருவங்கள். மேலே கூறிய விதியின்படி, இரண்டு உருவங்கள் படியும் இடம் புறமாகிவிடும். அங்கு மரம் தீண்டப்படாது எஞ்சும். தமிழெழுத்திற் இது தனிக்கவனத்துக்குரியது. பல எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் உருவமும் அதனோடு சேரும் உயிர்க்குறியும் தனித்தனி எல்லைக்கோடுகளாக அமைந்து, இணையுமிடத்தில் ஒன்றன்மீதொன்று படிகின்றன. அச்சில் மை இரண்டையும் மூடிவிடுவதால் எவருக்குங் குறை தெரிவதில்லை. செதுக்கும்போதோ இணைப்பிடத்திற் சிறு மரத்திட்டு நிற்கின்றது. கணிப்புக்கு முன் எழுத்துருவைக் கோடாக மாற்றி, உருவங்களை ஒன்றாக இணைத்துவிடுதலே இதற்குப் பரிகாரமாகும்.

நான்காவது, உட்கோடுகள் தெரிவிலிருந்து தவறுதல். முச்சுழி ணகரத்தையும் இருசுழி னகரத்தையும் சுழிகளை எண்ணியே சிறுவர் கற்கின்றனர். சுழியின் உள்வட்டத்தைக் குறிக்குங் கோடு தெரிவு செய்யப்படாதுவிடின், அச்சுழி முழுவதும் வெட்டப்பட்டு ஒரே குழியாகிவிடும். ஒரு பாதை விடுபட்டதாகத் தோன்றுவது, உண்மையில் ஓர் எல்லை விடுபட்டதன் விளைவாகும்.

இவற்றோடு, தமிழெழுத்தின் ஒழுங்கமைப்பை அறியாத மென்பொருட்களில் நேருந் தவறொன்றையுஞ் சுட்டவேண்டும். அத்தகைய மென்பொருளில் 'கோயில்' எனத் தட்டச்சிட்டால், இரட்டைக்கொம்பு ககரத்தின் முன்னே வராது இடம் மாறி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதிய வாசகமோ, அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் உரோம எழுத்துக்களாக மாறிவிடும். இரண்டிற்கும் வழி ஒன்றே. தமிழை ஒழுங்காகக் காட்டும் வரைதல் மென்பொருளொன்றில் வாசகத்தை அமைத்து, அங்கேயே கோடுகளாக மாற்றி, அக்கோடுகளை மட்டுஞ் செதுக்கல் மென்பொருளுக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

3. கணிப்பின் வரையறைகள்

எழுத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டு நடுப்பகுதி மட்டும் எஞ்சியிருப்பின், வரைபு குற்றமற்றது எனக் கொள்ளலாம். இங்கு நோக்கவேண்டியவை ஆழத்துக்கும் கருவிக்கும் விதித்த எல்லைகளாகும்.

18 மி.மீ. தடிப்புள்ள பலகையில் 30 மி.மீ. அகலக் கோடுகளையுடைய எழுத்தை 60 பாகைக் கருவியாற் செதுக்கவேண்டும் எனக் கொள்வோம். முன்கூறிய விதிப்படி ஏறத்தாழ 26 மி.மீ. ஆழம் வேண்டும், கருவி பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும். எனவே ஆழத்தை 6 மி.மீ. என வரையறுக்கின்றோம். இப்பொழுது இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 3.5 மி.மீ. அகலமான சரிவுகள் அமைய, நடுவே ஏறத்தாழ 23 மி.மீ. அகலமான தட்டைத் தளம் இருத்தல் வேண்டும். வீ-பிட் சரிவுகளை மட்டும் வெட்டிச்செல்லும். தளத்தைத் துப்புரவு செய்யத் தட்டைமுனைக் கருவியொன்றும் அதற்கெனத் தனிப்பாதையொன்றும் வேண்டும். அப்பாதை கணிக்கப்படாவிடினும், கணிக்கப்பட்டு இயக்கப்படாவிடினும், நடுவில் மரம் அப்படியே நிற்கும். எஃப்-என்கிரேவ் என்னும் இலவச மென்பொருளில், துப்புரவுப் பாதையைத் தனியாகக் கணித்துத் தனிக்கோப்பாகச் சேமித்தல் வேண்டும். முதற் கோப்பை மட்டும் இயக்கியவர் இயந்திரம் இடைநடுவில் நின்றுவிட்டதாகவே எண்ணுவர்.

துப்புரவுக் கருவி இருந்தும் சில இடங்கள் எஞ்சுவதுண்டு. மேற்காட்டிய உதாரணத்தில், 7 மி.மீ. அளவிலுங் கூடிய அகலமுள்ள எல்லாக் கோடுகளுக்குந் தட்டைத் தளம் உண்டு. ஆயின் 6 மி.மீ. விட்டமுள்ள துப்புரவுக் கருவி நுழைவதற்கு, தளமே 6 மி.மீ. அகலமாதல் வேண்டும், அதாவது கோடு ஏறத்தாழ 13 மி.மீ. அகலம் பெறவேண்டும். 7 மி.மீ. முதல் 13 மி.மீ. வரையுள்ள கோடுகளில் வீ-பிட் தளத்தைத் துப்புரவு செய்யுமாறு பணிக்கப்படாவிடின், அங்கு மரத்தடம் ஒன்று நீண்டு கிடக்கும். தடித்தும் மெலிந்தும் செல்லுங் கோடுகளையுடைய எழுத்துருக்களில் இக்குறை ஓரெழுத்தின் ஒரு பகுதியில் மட்டுந் தோன்றுவது இதனாலேயே.

கருவியின் விட்டமும் ஒரு வரையறையாகும். 12.7 மி.மீ. விட்டமுள்ள 60 பாகைக் கருவியின் கூம்புப் பகுதி ஏறத்தாழ 11 மி.மீ. உயரமுள்ளது. தன் விட்டத்திலும் அகன்ற கோட்டை அது ஒரே செல்கையில் முடிக்க இயலாது. அகன்ற பகுதியை மென்பொருள் எவ்வாறு கையாளுகின்றது என்பதை அறியாது, கருவியின் விட்டத்தை மட்டும் பெரிதாக எழுதிவிடுதல் ஆபத்தானது. கணிப்பு ஏற்றுக்கொள்ளும்; கூம்பு முடிந்து தண்டு தொடங்கும் இடம் மரத்தில் உரசும்.

புள்ளியைப் பற்றித் தனியே ஒரு சொல். வட்டத்தின் எல்லையில் மூட்டிய தீ யாவும் மையத்திலேயே சந்திக்கும். ஆகவே நிறைவட்டமாகிய புள்ளியின் நடுவச்சு ஒரு கோடன்று; ஒரேயொரு புள்ளியாகும். கருவி அவ்விடத்தில் நேரே இறங்கி நேரே மேலெழவேண்டும். குறித்த அளவிலுங் குறுகிய பாதைத்துண்டுகளைத் தள்ளிவிடும் அமைப்பு இருப்பின், நீளமே இல்லாத இப்பாதை முதலிலே தள்ளுண்டுவிடும். கணித்தபின் வாசகத்திலுள்ள மெய்யெழுத்துக்களை எண்ணி, அத்தனை புள்ளிகளும் பாதையில் உள்ளனவா எனச் சரிபார்த்தல் தமிழ்ப் பலகை செய்வோர் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்காகும். விடுபட்டிருப்பின் அப்புள்ளிகளைத் தனியே தெரிவு செய்து, துளையிடும் பாதையாக வீ-பிட்டைக் கொண்டே அமைத்துக்கொள்ளலாம், 3 மி.மீ. விட்டமுள்ள புள்ளிக்கு 90 பாகைக் கருவி 1.5 மி.மீ. இறங்கினாற் போதும்.

4. முன்தோற்றமுங் கட்டளைக்கோப்பும்

முன்தோற்றம் என்பது செதுக்கப்பட்ட பலகை எவ்வாறிருக்கும் எனத் திரை காட்டும் படமாகும். அது பாதையின் ஒரு மதிப்பீடேயன்றிப் பாதையன்று. பெரிய பலகையொன்றைக் குறைந்த நுணுக்கத்திற் காட்டும்போது, 1 மி.மீ. அகலமுள்ள மெல்லிய கோடுகள் படத்தில் உடைந்தும் மறைந்துந் தோன்றலாம். இவ்வேளையிற் படத்தை நீக்கிவிட்டு, பாதையின் கோடுகளை மட்டும் நோக்கவேண்டும். அங்கு கோடு உண்டெனில் முன்தோற்றத்தின் நுணுக்கத்தைக் கூட்டுவதே போதும். வரைபைத் திருத்தப் புகுவது வீண் முயற்சியாகும்.

பாதை நிறைவாக இருந்தும் இயந்திரம் சில பகுதிகளைத் தாண்டிச் சென்றால், ஜீ-கோட் எனப்படும் கட்டளைக்கோப்பை ஆராய்தல் வேண்டும். கோப்பின் இறுதியில் நிகழ்ச்சியை முடிக்குங் கட்டளை உண்டா என்பது முதற்சோதனை. அது இல்லையெனிற் கோப்பு இடையில் அறுந்துள்ளது. இரண்டாவது, இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஏற்ற மொழிநடையிற் கோப்பு எழுதப்பட்டுள்ளதா என்பது. வளைகோட்டுக் கட்டளைகளை ஒரு கருவி ஒருவாறும் மற்றொன்று வேறொருவாறும் பொருள்கொள்ளக்கூடும். கருவியைப் பலகைக்கு மேலே உயர்த்தி வைத்து, வெட்டாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தால், மரஞ் செலவாகாமலே இவ்வையம் தீரும்.

5. பலகையிலே தோன்றுங் குறைகள்

பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய கோடுகள் மறைந்து தடித்த கோடுகள் எஞ்சியிருப்பின், குறை கணனியில் இல்லை. அகலம் ஆழமாகும் விதி இங்கு எதிர்த்திசையில் இயங்குகின்றது. ஆழத்தில் நேருந் தவறு அகலத்திற் புலப்படுகின்றது. 90 பாகைக் கருவியால் 1 மி.மீ. கோட்டை வெட்ட ஆழம் 0.5 மி.மீ. மாத்திரமே. பலகை அவ்விடத்தில் 0.5 மி.மீ. தாழ்ந்திருந்தாற் கருவியின் முனை மரத்தைத் தொடாமலே செல்லும். அதேயிடத்தில் 12 மி.மீ. கோடு 11 மி.மீ. ஆகச் சுருங்கும், அதனை எவருங் கவனியார். ஆகவே மெல்லியனவே முதலில் மறைகின்றன.

மரம் ஈரத்தை உறிஞ்சியும் இழந்தும் வளைவது இயல்பு. பலகையைத் தாங்கும் இயந்திரத்தின் அடிப்பலகையும் மட்டமாக இல்லாதிருக்கலாம். அடிப்பலகையை இயந்திரத்தைக் கொண்டே சீவி மட்டமாக்குதல், பலகையின் மேற்பரப்பைச் சீவுதல், நடுவிலும் பற்றிப்பிடிக்குமாறு இறுக்குதல், ஆழத்தின் தொடக்கநிலையைப் பலகையின் மேற்பரப்பிலேயே குறித்தல் ஆகியன பரிகாரங்களாகும். மெல்லிய கோடுகள் மிகுந்த வாசகத்துக்குக் கூரிய கோணமுள்ள கருவி நன்று. ஒரு மி.மீ. ஆழத்தவறு 120 பாகைக் கருவியில் அகலத்தை ஏறத்தாழ 3.5 மி.மீ. மாற்றும், 60 பாகைக் கருவியில் ஏறத்தாழ 1.2 மி.மீ. மட்டுமே மாற்றும். குறை பக்கத்துக்குப் பக்கம் வேறுபடாது, நேரஞ் செல்லச் செல்ல வளர்ந்துகொண்டு போனால், கருவி தன் பிடியில் வழுக்கியுள்ளதா, மேல்கீழ் அசைவிற் படிகள் தவறுகின்றனவா எனப் பார்க்கவேண்டும்.

பலகை முழுவதும் ஒரே சீராக எழுத்துக்கள் மெலிந்திருப்பின், கருவியின் கோணம் பிழையாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். 90 பாகை எனக் கணித்து 60 பாகைக் கருவியை மாட்டினால், 12 மி.மீ. கோடு ஏறத்தாழ 7 மி.மீ. ஆகவே வெட்டப்படும். மறுதலையாக, 60 பாகைக்குக் கணித்து 90 பாகைக் கருவியை மாட்டினால் அதே கோடு ஏறத்தாழ 21 மி.மீ. ஆக விரிந்து, அயலெழுத்துக்களுக்கு இடையிலுள்ள மரத்தையும் அழித்துவிடும்.

6. அறிவும் உழைப்பும்

எண்முறைக் கட்டுப்பாட்டு இயந்திரம் அமெரிக்க விமானப்படையின் நிதியுதவியோடு மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் உருவாகி, 1952 இல் முதன்முதலாகக் காட்சிப்படுத்தப்பட்டது. அக்காலத்திலேயே வேறொரு வழியும் இருந்தது. திறமைமிக்க தொழிலாளியின் கையசைவுகளை நாடாவிற் பதிந்து, இயந்திரத்தை மீண்டும் அவ்வாறே இயக்கும் வழி அது. அது பின்தள்ளப்பட்டமைக்குத் தொழினுட்பக் காரணங்கள் மட்டுமன்றி, உற்பத்தி மீதான கட்டுப்பாட்டைத் தொழிற்கூடத்திலிருந்து நிருவாகத்துக்கு மாற்றும் நோக்கமுங் காரணமாயிற்று என டேவிட் நோபிள் 1984 இல் வெளியிட்ட 'உற்பத்திச் சக்திகள்' என்னும் நூலில் வாதிட்டார். தொழிலாளியின் திறமையின்றி இவ்வியந்திரங்களும் ஒழுங்காக இயங்கவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

விடுபட்ட கருவிப்பாதை இவ்வாதத்தின் சிறியதோர் எடுத்துக்காட்டாகும். பொத்தானை அழுத்துபவராக மட்டும் வைக்கப்பட்டவருக்கு, குறை நேருங் கணத்தில் இயந்திரம் புதிராகின்றது. வேறெவரோ வந்து தீர்க்கும்வரை அவர் காத்திருக்கவேண்டும். அகலம் எவ்வாறு ஆழமாகின்றது என்பதை அறிந்தவரோ பலகையைக் கண்டவுடனேயே எங்கு தேடவேண்டும் எனத் துணிவார். உளிக்காரரின் கையிலிருந்த அறிவு மென்பொருளினுள்ளே மறைந்துவிட்டது, ஆயினும் அழிந்துவிடவில்லை. அதனை வெளிக்கொணர வேண்டியது பாடசாலைக் கேத்திரகணிதத்துக்கு மேற்படாத அறிவே. அவ்வறிவைத் தொழில் செய்வோரின் மொழியில் அவர்கள் கைக்கு எட்டவைத்தல், பல்கலைக்கழகங்களிலுள்ளோர் செய்யக்கூடிய பணிகளுள் ஒன்றாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, எது விடுபட்டது என்பதே எங்கே தேடவேண்டும் என்பதைக் காட்டுகின்றது. முழு உறுப்பு இல்லையேல் வரைபை நோக்குக. ஓரம் இருந்து நடு எஞ்சின் ஆழ வரையறையையும் துப்புரவுப் பாதையையும் நோக்குக. படத்தில் மட்டுங் குறையெனின் முன்தோற்றத்தின் நுணுக்கத்தை நோக்குக. பாதை நிறைவாயிருக்க இயந்திரந் தாண்டிச் செல்லின் கட்டளைக்கோப்பை நோக்குக. மெல்லியன மறைந்து தடித்தன நிற்பின் பலகையின் மட்டத்தை நோக்குக. இவையாவும் ஒழுங்கெனக் கண்ட பின்னரும், நல்ல பலகையிற் கருவியை இறக்குமுன் கழிவுத்துண்டொன்றில் ஓரெழுத்தைச் செதுக்கிப் பார்த்தல் நன்று. அவ்வெழுத்து புள்ளியுடைய மெய்யெழுத்தாக இருத்தல் அதனினும் நன்று.